ஐந்தாவது குழி

ஜனவரி 14, செவ்வாய்

மகள் இளமதி சியாட்டிலில் இருந்து இந்த நாட்குறிப்பை அனுப்பியிருக்கிறாள். தோல் அட்டை, கோடு போட்ட தாள். "மனசுல தோணறத எழுதுங்கப்பா, ரிட்டயர் ஆனவங்களுக்கு நல்லது" என்று போனில் சொன்னாள். மனதில் தோன்றுவதையெல்லாம் எழுதினால் வீட்டில் சண்டைதான் வரும். காசுகளைப் பற்றி மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

முதலில் கைவசம் உள்ளது. அமெரிக்க இரண்டரை டாலர் தங்கக் காசு, செவ்விந்தியர் தலை போட்டது. 1908இல் தொடங்கி 1929 வரை விட்டுவிட்டு அடித்தார்கள். மொத்தம் பதினைந்து வகை. வால்நட் மரத்தில் நானே பதினைந்து குழி கடைந்து, நீல வெல்வெட் ஒட்டி, வருட வரிசையில் வைத்திருக்கிறேன். ஐந்தாவது குழி மட்டும் காலி, பல் விழுந்த இடம் போல. அங்கே வரவேண்டியது 1911ஆம் ஆண்டு டென்வர் நகரத்தில் அடித்த காசு. அதன் பின்பக்கத்தில் கழுகு நிற்கும். கழுகின் காலடியில் அம்புக் கட்டு. அம்பு நுனிக்கு இடப்பக்கம் கடுகில் பாதி அளவுக்கு, டென்வரைக் குறிக்கும் ஒரு 'டி' எழுத்து இருக்கும். அந்த எழுத்து இல்லாத 1911 எந்தக் கடையிலும் கிடைக்கும். எழுத்து உள்ளது குதிரைக் கொம்பு, கண்ணில் பட்டாலும் என் பென்ஷனுக்கு எட்டாது.

இன்று பொங்கல். என் மனைவி வசந்தாமணி, அமெரிக்கா வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பானையில்தான் வைப்பேன் என்று வைத்தாள். புகை எச்சரிக்கை மணி அலறியது. பொங்கலின் தரம் 64.

காசுக்குத் தரம் பார்க்கிறவர்கள் ஒன்றிலிருந்து எழுபது வரை எண் போடுவார்கள். அறுபதுக்கு மேல் என்றால் புழங்காத காசு. ஐம்பத்தெட்டு என்றால் ஏறக்குறைய புதிது, எங்கோ லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நான் வீட்டில் எல்லாவற்றுக்கும் எண் போடுவேன். இருபத்தொன்பது வருடம் பேரிங் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்த பழக்கம்.

"அறுவத்தஞ்சு குடுத்தா கையி சுட்டுருமாக்கு?" என்றாள் வசந்தாமணி.

ஜனவரி 26, ஞாயிறு

மேசை விளக்கு சரியில்லை. இப்போது விற்கிற பல்புகள் எல்லாம் சோளக்கொல்லை பொம்மை மாதிரி, பேருக்கு நிற்கின்றன. 1914ஐ எடுத்துப் பார்த்தால் செவ்விந்தியரின் மூக்கு நெளிந்திருக்கிறது. இருபது வருடமாக என்னிடம் இருக்கிற காசு. மூக்கு எப்படி நெளியும்? லென்ஸிலும் கோளாறு இருக்கலாம். புதிதாக ஒன்று வரவழைத்திருக்கிறேன்.

இந்தக் காசில் ஒரு விசேஷம். மற்ற காசுகளில் உருவம் மேலே புடைத்திருக்கும். இதில் கல்வெட்டு எழுத்துப் போல உள்ளே தாழ்ந்திருக்கும். தலை, இறகு, கழுகு எல்லாம் பள்ளம். வெறும் தளம்தான் மேடு. அதனால் தேய்மானம் முதலில் தளத்தில்தான் விழும், தரம் பார்ப்பது பெரும் தலைவலி. விரல் பட்டாலே போச்சு. விளிம்பில் பிடிக்க வேண்டும், முகத்தைத் தொடவே கூடாது. இந்த வீட்டில் இது ஒன்றுதான் சட்டம்.

சட்டம் போடக் காரணம் வசந்தாமணி. 1991இல் ஆயுத பூஜையன்று நான் வேலையிலிருந்து வருவதற்குள் 1909 காசைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டாள். பளபளவென்று மின்னியது. தரம் பார்க்க அனுப்பினேன். 'கழுவப்பட்டது' என்று எழுதி எண் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகையைக் கழுவினால் அழகு, காசைக் கழுவினால் கொலை என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த 1909 இன்னும் இரண்டாவது குழியில்தான் இருக்கிறது. வேறு வாங்கிவிடலாம், விலை அதிகமில்லை. ஏனோ வாங்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

புது லென்ஸும் மோசம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரசம் ஊற்றிக்கொண்டபோது பாதி தட்டுக்கு வெளியே போனது. வசந்தாமணி துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "ஏனுங்க, கண்ண ஒருக்காக் காட்டிட்டு வந்தர்லாமுங்களா?" என்றாள். கரண்டியின் மூக்கு கோணல் என்றேன். ரசம் 61.

பிப்ரவரி 13, வியாழன்

காட்டியாயிற்று. டாக்டர் கோல்மன் என்று ஒரு பெண், இளமதி வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுவில் கோடுகள் நெளிகின்றன, அச்சுப் பிழை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதாம். அது எப்போதுமே சோம்பேறிக் கண், அதை வைத்து நான் காசு பார்த்ததே இல்லை. இடது கண்ணின் பின்னால் ரத்தக் குழாய் கசிகிறதாம். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. தவறாமல் போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தவறினால் நடுப்பார்வை போகும், போனால் வராது. இதை இரண்டு முறை சொன்னார். எனக்கு ஒரு முறை சொன்னாலே புரியும்.

திரும்பும்போது வசந்தாமணி ஓட்டினாள். அவளுக்கு நெடுஞ்சாலை என்றால் உதறல். மாட்டு வண்டி வேகத்தில் ஓரமாகவே வந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். 

பிப்ரவரி 27, வியாழன்

ஊசி போட்டார்கள். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வசந்தாமணி கட்டத்தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் காபிக்கு முன்னால் பார்க்க வேண்டும். இன்று கோடுகள் நெளியவில்லை, ஏறக்குறைய நேர். ஊசி வேலை செய்கிறது. 1914இன் மூக்கும் நிமிர்ந்துவிட்டது.

27ஆம் தேதி பால்டிமோரில் காசுக் கண்காட்சி. அதே நாளில் இரண்டாவது ஊசி. ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் எல்லாம் மங்கல். கண்காட்சியில் நல்ல சரக்கு முதல் நாளே போய்விடும். யோசிக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

யோசித்தேன். ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லி நானே போன் செய்தேன். ஏப்ரல் 17க்கு முன்னால் இடமில்லை என்றார்கள். சரி என்றேன்.

இரவுச் சாப்பாட்டின்போது வசந்தாமணியிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"காசு அடுத்த வருசமும் வருமுங்க. கண்ணு வருமுங்களா?"

"மூணு வாரத்துல ஒன்னும் ஆயிறாது புள்ள."

"கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க?"

"கண்ணு இருக்கறப்பவே பாத்தறலாம்னுதான் போறேன்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். தோசை கருகிவிட்டது, எண் போடவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று எழுதத்தான் இந்த நோட்டு வந்தது போலிருக்கிறது.

காலையிலேயே கிளம்பிவிட்டோம். வசந்தாமணி ஓட்டினாள், வழியெல்லாம் கந்த சஷ்டிக் கவசம். மண்டபத்தில் அவளைக் காபிக் கடைப் பக்கம் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மேசை மேசையாகப் போனேன். மத்தியானம் வரைக்கும் ஒன்றுமில்லை. பிறகு கடைசி வரிசையில் மீசை வைத்த ஒரு வியாபாரி. தட்டில் சாதாரண 1911 காசுகள் கலந்து கிடந்தன. பொழுது போகட்டும் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

ஒன்றில், அம்பு நுனிக்கு இடப்பக்கம், டி.

கண்ணைக் கொட்டினேன். மறைந்தது. பார்வையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினேன். மறுபடி தெரிந்தது. மீசைக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். தன் தட்டில் என்ன கிடக்கிறது என்றே அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சாதாரண 1911க்கு என்ன விலையோ அதைச் சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன். பேரம் பேசாத இந்தியரை அவர் பார்த்ததில்லை போலும், ஒரு மாதிரி பார்த்தார்.

காரில் உட்கார்ந்ததும் வசந்தாமணியிடம் சொன்னேன். இத்தனை வியாபாரிகள், இத்தனை லென்ஸுகள், ஒருத்தன் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டிருக்கிறது. ஊசி ஊசி என்று பயமுறுத்தினாயே, இந்தக் கண்ணுக்கா ஊசி என்றேன். அவளும் சிரித்தாள். "நெம்ப சந்தோசமுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மேசை விளக்கைப் போட்டு, அவள் கையில் லென்ஸைக் கொடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காசைத் திருப்பி முன்பக்கம் பார்த்தாள், மறுபடி பின்பக்கம். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

"நல்லாப் பாரு. டிதானே?"

"ஆமாங்க. நல்லா எடுப்பா நிக்குதுங்க" என்றாள்.

தரம் 62 என்று நினைக்கிறேன். கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் கீறல்.

மார்ச் 28, வெள்ளி

பாயசம். 67. இதுவரை யாருக்கும் கொடுக்காத எண். அவள் ஏன் சந்தோஷப்படவில்லை என்று தெரியவில்லை. கார் ஓட்டிய களைப்பு.

ஏப்ரல் 3, வியாழன்

காசைத் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். உலகம் ஒப்புக்கொண்ட பிறகு பெட்டியை உடைத்து என் தட்டில் வைப்பேன்.

வசந்தாமணி இந்த வாரம் ஒரு நாளும் தபால் நிலையத்துக்குக் கிளம்பவில்லை. திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை கூட்டமாக இருக்கும். நேற்று அளவான அட்டைப் பெட்டி கிடைக்கவில்லை. இன்று கேட்டதற்கு, "நமக்குத் தெரிஞ்சாப் பத்தாதுங்களா? இன்னொருத்தன் சொல்லித்தான் ஆவோணுமாக்கு?" என்கிறாள்.

எந்தப் பேரிங்கும் ஒருத்தன் மட்டும் பார்த்து வெளியே போனதில்லை. இரண்டாவது கண் வேண்டும். முப்பது வருடம் ஓர் இன்ஸ்பெக்டரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? கொஞ்சம் சத்தம் போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அனுப்பியாயிற்று. தபால் நிலையத்திலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தவள் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. கால் வலியாம்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் எழுந்தபோது இடது கண்ணில் நடுவே ஒரு கறுப்பு. துடைத்தால் போகவில்லை. முகம் கழுவினேன், போகவில்லை. வசந்தாமணி காபியோடு வந்தாள். தலைமுடி தெரிகிறது, காதில் தோடு தெரிகிறது, சேலைக் கரை தெரிகிறது. முகம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை.

இதை எழுதிய கோடு நேராக இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ரத்தம் கசிந்து நடுவில் தேங்கிவிட்டதாம். டாக்டர் கோல்மன் வெகு நேரம் பார்த்தார். போன மாத ஊசிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணி சொன்னாள். அவளுடைய இங்கிலீஷ் நிதானமாக வரும், ஒவ்வொரு வார்த்தையாக. அன்றைக்குத் தனக்கு உடம்பு சரியில்லை, தன்னால் கார் ஓட்ட முடியவில்லை, தப்பு தன்னுடையது என்றாள். அவளுக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டுக் கூட இல்லை, முப்பது வருடத்தில் ஜலதோஷம் தவிர ஒன்றும் வந்ததில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது.

நான் மறுக்கவில்லை. ஊசி போட்டார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. இனிமேல் தடித்த கறுப்புப் பேனா. வசந்தாமணி தாளின் குறுக்கே ரப்பர் பேண்டுகளை வரிசையாக மாட்டித் தந்திருக்கிறாள். விரலால் ரப்பரைத் தொட்டுக்கொண்டே அதன் மேல் எழுத வேண்டும். இப்படி ஒரு யோசனை இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை, அவளுக்கு வந்திருக்கிறது. எழுதியதை என்னால் படிக்க முடியாது. அவள் படிக்க மாட்டாள், கேட்காமல் என் பொருளைத் தொட மாட்டாள்.

வேப்பம்பூ ரசம். எண் போட மறந்துவிட்டேன். "எத்தனைங்க?" என்று அவளே கேட்டாள்.

மே 2, வெள்ளி

இளமதி போன். சியாட்டிலுக்கே வந்துவிடுங்கள் என்கிறாள். காசு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய்விட்டாள். "சொல்லாத கண்ணு, நாஞ் சொல்லிக்கிறேன்" என்றது காதில் விழுந்தது. எதையோ. தாய்க்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும்.

மே 20, செவ்வாய்

சவரம் செய்து கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். சர்க்கரை டப்பாவில் உப்பு இல்லை என்று இப்போது நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். படியில் ஒருமுறை விழுந்தேன், பெரிதாக இல்லை.

சாயங்காலம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரப்பார்வையால் பார்த்தேன். பதினான்கு மஞ்சள் புள்ளிகள். எது 1908, எது 1929 என்று தெரியாது. எல்லாம் ஒன்றுதான். நான் தரம் பார்த்த காசுகளும் இப்போது ஒன்றுதான், பார்க்காத காசுகளும் ஒன்றுதான். இதை நினைத்து அழுகை வந்தது. வசந்தாமணி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அதனால் அடக்கிக்கொண்டேன்.

ஐந்தாவது குழி நிரம்பிவிட்டால் போதும். கடைசியாக இந்தக் கண் பார்த்தது சரி என்று ஆகிவிடும். மற்றதைத் தாங்கிக்கொள்வேன்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டது.

தபால்காரர் கதவைத் தட்டியதும் நானே போய் வாங்கினேன், நிலையில் இடித்துக்கொண்டேன். வசந்தாமணி பெட்டியைப் பிரித்தாள். காகிதச் சத்தம் நின்றது.

"படி."

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினொன்னு" என்றாள்.

"அப்பறம்?"

சமையலறைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"டி" என்றாள். "டின்னு போட்டிருக்குதுங்க. அறுவத்திரண்டு."

அறுபத்திரண்டு! நான் சொன்ன அதே எண்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன், வெட்கமே இல்லை. அவளும் அழுதாள். அவள் கை பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. கண் போகும் முன்னால் அந்தக் கண் பார்த்தது பொய்யில்லை. அது எனக்குப் போதும்.

ஜூன் 7, சனி

நேற்று டாக்டரிடம் போய் வந்தோம், அவர் சொன்னதை எழுதவில்லை. நடுப்பார்வை திரும்பாது. ஓரம் நிற்கும்.

ஜூன் 12, வியாழன்

காசைத் தட்டில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை உடைத்துக் கொடு என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். "அதுலயே இருக்கட்டுமுங்க. பத்தரமா இருக்குமுல்ல?" என்கிறாள். பெட்டி குழியில் உட்காராது. இதற்காகத்தானே இத்தனை வருடம் அந்தக் குழி காத்திருந்தது? "உங்க கையில குத்திருமுங்க" என்கிறாள். சரி, அவளுக்கு வேலை ஜாஸ்தி. நானே செய்வேன்.

ஜூன் 14, சனி

மெதுவாகத்தான் எழுத வேண்டும்.

காலையில் வசந்தாமணி காய்கறி வாங்கப் போனாள். நான் கொட்டகைக்குப் போய் வெட்டும் குறடை எடுத்தேன். ஆணி, திருகு, குறடு எல்லாம் எங்கே தொங்குகிறது என்று கை அறியும். பிளாஸ்டிக்கின் நான்கு மூலையையும் கத்தரித்தேன். விரலில் லேசாகக் கீறியது. இரண்டாகப் பிளந்ததும் காசு உள்ளங்கையில் விழுந்தது.

சின்னக் காசு, இங்குள்ள பத்து சென்ட் அளவுதான். கையில் இருக்கிறதே தவிர கண்ணுக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் விளிம்பில் பிடித்தவன் நான். ஒருமுறை, ஒரே முறை, அந்த எழுத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தக் காசில் எல்லாமே பள்ளம். ஆனால் நகரத்து எழுத்தை மட்டும் அச்சில் தனியாகக் குத்துவார்கள், அதனால் அது ஒன்றுதான் தளத்துக்கு மேலே புடைத்திருக்கும். பார்க்க முடியாதவனுக்கும் அகப்படும்.

கட்டைவிரலை முகத்தில் வைத்தேன். என் சட்டத்தை நானே மீறினேன். இறகுகள், நெற்றி, மூக்கு. திருப்பினேன். கழுகின் நெஞ்சு, கால், அம்புக் கட்டு. நுனி. நுனிக்கு இடப்பக்கம் வழவழவென்று இருந்தது.

இடம் தவறியிருக்கும் என்று மறுபடி தடவினேன். நகத்தால் வருடினேன். ஒன்றுமில்லை.

சந்தேகம் வந்தால் தெரிந்த அளவோடு ஒப்பிட வேண்டும், இதுதான் என் தொழிலில் முதல் விதி. உள்ளே வந்து தட்டை எடுத்தேன். பதினோராவது குழி 1925, அதுவும் டென்வரில் அடித்தது. அதே இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். மணல் துகள் ஒன்று ஒட்டியிருப்பது போலத் தட்டுப்பட்டது. ஒன்பதாவது குழி 1914, அதுவும் டென்வர். தட்டுப்பட்டது. திரும்ப 1911. வழவழ.

எடுப்பாக நிற்கிறது என்றாளே.

சாதாரணக் காசு. மீசைக்காரர் சரியான விலைதான் சொல்லியிருக்கிறார். அந்த மண்டபத்தில் காசைத் தப்பாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். ஊசியை விட்டுவிட்டுப் போனது இதற்காக. கண்ணைக் கொடுத்தது இதற்காக.

வசந்தாமணி மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்கு லென்ஸில் வெறும் தளத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே, அது ஞாபகம் வந்தது. அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும்? அதைப் பார்த்த பிறகு எவள் இல்லை என்று சொல்வாள்? அதற்குப் பிறகு மழை என்றாள், கூட்டம் என்றாள், அட்டைப் பெட்டி கிடைக்கவில்லை என்றாள். வேறு வழியில்லாமல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கூடத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தாள். சீட்டில் இல்லாத எழுத்தைப் படித்தாள். டாக்டரிடம் என் தப்பைத் தன் தப்பு என்றாள். மார்ச்சிலிருந்து இதையெல்லாம் தனியாகச் சுமந்திருக்கிறாள், நான் பாயசத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார் வந்த சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காசு கையிலேயே இருந்தது.

அவள் உள்ளே வந்து நின்றுவிட்டாள். உடைந்த பிளாஸ்டிக்கைப் பார்த்திருப்பாள்.

"ஏனுங்க... காச வெறுங்கையில தொடறீங்க?" என்றாள்.

"தட்டுப்படுது புள்ள" என்றேன்.

"என்னதுங்க?"

"டி. கட்டவெரலுக்கு நல்லாத் தட்டுப்படுது. எடுப்பாத்தான் நிக்குது."

பையைக் கீழே வைத்தாள். ஒரு தக்காளி உருண்டு வந்து என் காலில் பட்டு நின்றது. அவள் எடுக்கவில்லை.

"நெசமாலுமுங்களா?" என்றாள் கடைசியில். அவ்வளவு மெல்லிய குரலை நான் கேட்டதில்லை.

"இருபத்தொம்பது வருசம் இன்ஸ்பெக்டரா இருந்தவன். எனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. ஓரப்பார்வையில் அவள் தோடு ஆடியது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை அவள் மடியில் வைத்தேன். "நீயே வை" என்றேன். "எதுலீங்க?" என்றாள். இந்த வீட்டில் யாருக்குத் தெரியாது, இருந்தும் கேட்டாள். ஐந்தாவது என்றேன். காசை விளிம்பில் பிடிக்க மெனக்கெட்டாள், இரண்டு முறை நழுவியது.

"வசந்தா, விளிம்புல எல்லாம் புடிக்க வேண்டாம். சந்தனம் வெக்கறதுன்னா வெச்சுக்க."

"கழுவாம எப்படிங்க வெக்கறது?"

"கழுவிட்டே வை."

"நெசமாவாங்க சொல்றீங்க?"

"அந்தத் தொள்ளாயிரத்தி ஒம்பதையும் எடுத்துக்க. ரண்டையும் சேத்துக் கழுவு" என்றேன்.

இப்போது சமையலறையில் இருக்கிறாள். மேல் அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்க்கிறாள், பூந்திக்கொட்டையைத் தேடுகிறாள்.